பென்ஷன் வருமுன் எந்தப் படிப்பு? நீலகிரிப் படைவீரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பட்டாளத்தில் நாம் யாரும் கோர்ஸைத் தேர்ந்தெடுத்ததில்லை. ஆர்டரில் பெயர் வரும், பெட்டியைக் கட்டுவோம், போய் முடித்து கிரேடிங் வாங்கி வருவோம். அது எதற்கு உதவும் என்று யோசிப்பது நம் வேலை இல்லை. இருபது வருடம் இப்படியே பழகியவன் வெளியே வந்ததும் யாராவது ஒரு நோட்டீஸை நீட்டினால், இதுவும் ஆர்டர்தான் என்பது போலக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

நானும் போட்டேன். 24 வருட சர்வீஸ் முடித்து ஹவில்தாராகக் குன்னூருக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், சமவெளியில் ஒரு தனியார் நிலையத்தில் ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோவில் சேர்ந்தேன். ஒரு வருடம். கமுட்டேஷன் பணத்திலிருந்து, அதாவது பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிய தொகையிலிருந்து, ஐம்பத்தைந்தாயிரம். முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் போய் நின்றபோது, அங்கிருந்த அதிகாரி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது செல்லாதுங்க சார்" என்று மரியாதையாகச் சொன்னார். செல்லும் படிப்பு எது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். பணம் கட்டுவதற்கு முன்பே அதே தொழிற்சாலைக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். பஸ் டிக்கெட் முப்பது ரூபாயோடு போயிருக்கும்.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையமும் அதன் ரெக்கார்ட் ஆபீஸும் இருப்பதால், பென்ஷன் பேப்பரோடு வருகிறவர்களை இந்தப் பக்கம் டீக்கடைகளில் தினமும் பார்க்கலாம். அவர்கள் கேட்பதும் நான் சொல்வதும்தான் கீழே இருக்கிறது. குறிப்பாக ஜவான், ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரி) நிலையில் வருகிறவர்களுக்கு.

முதல் படி: எங்கே குடியிருக்கப் போகிறீர்கள்?

படிப்பைப் பற்றி யோசிக்குமுன் இதை வீட்டில் உட்கார்ந்து பேசி முடியுங்கள். மலையிலேயே இருப்பதா, கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் இறங்குவதா, வளைகுடாவுக்குப் போவதா? மூன்றுக்கும் படிப்பு வேறு.

மலையில் இருப்பது என்று முடிவு செய்தால், இங்கே சம்பளம் தரும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை, தேயிலைத் தொழிற்சாலைகள், எல்லநள்ளி ஊசித் தொழிற்சாலை, ஹோட்டல்களும் ரிசார்ட்டுகளும், பள்ளிகள், மருத்துவமனைகள், வங்கிகள், அரசு அலுவலகங்கள். ஊட்டி இந்து நகர் ஃபிலிம் தொழிற்சாலையை நம்பி ஒரு தலைமுறையே இருந்தது, அது போய்விட்டது. ஆகவே பெரிய கம்பெனி வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு மலையிலேயே இருப்பேன் என்றால் கணக்கு உதைக்கும். அதேபோல, வீட்டில் ஒரு ஏக்கர் தேயிலையும் கொஞ்சம் கேரட் நிலமும் இருப்பவருக்கு எம்பிஏ எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாம் படி: கையில் ஏற்கெனவே இருப்பதைக் காகிதமாக்குங்கள்

இதில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். யூனிட்டில் இருக்கும்போது ஒரு நாளில் கிடைக்கும் கையெழுத்து, வெளியே வந்த பிறகு ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து.

டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உங்கள் ட்ரேட், கல்வித் தகுதி, முடித்த கோர்ஸ்கள், நன்னடத்தை ஆகியவை சரியாக ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி, இவை பத்தாம் வகுப்புச் சான்றிதழோடும் ஆதாரோடும் ஒத்துப்போகிறதா? உங்கள் ராணுவ ட்ரேடுக்குச் சமமான சிவில் ட்ரேட் எது என்பதற்கு எழுத்தில் ஏதாவது வாங்கிவையுங்கள். வெளியே இருக்கும் மேனேஜருக்கு நம் ட்ரேட் பெயர்கள் புரியாது. அவருக்கு எலக்ட்ரீஷியன், டீசல் மெக்கானிக், ஸ்டோர் கீப்பர் என்றால்தான் புரியும்.

அடுத்தது பட்டம். "டிகிரி இல்லையே அண்ணா, முதலில் ஒரு பிஏ முடித்துவிடட்டுமா?" என்று கேட்பவர்கள் ஏராளம். பத்தாம் வகுப்போ ராணுவத்தின் சிறப்புக் கல்விச் சான்றிதழோ இருந்து, 15 வருட சர்வீஸுக்குக் குறையாமல் முடித்தவரை, பட்டம் கேட்கும் மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்குத் தகுதியானவராகவே எடுத்துக்கொள்கிறார்கள். தொழில்நுட்பத் தகுதி கேட்கும் பதவிகளுக்கு இது பொருந்தாது. வங்கி கிளார்க் தேர்விலும் இதே சலுகை உண்டு. ஆக, உங்கள் குறி வங்கி கிளார்க் வேலை என்றால் மூன்று வருட பிஏ வீண் சுற்று. தேவைப்படுவது கணக்கு, ரீசனிங், ஆங்கிலம் மூன்றிலும் ஆறேழு மாத உழைப்பு. ஆனால் இந்தச் சலுகை வேலைக்கு மட்டும்தான். வங்கி அதிகாரி பதவிக்கோ, எம்ஏ, பிஎட், சட்டம் போன்ற மேற்படிப்புக்கோ உண்மையான பட்டம் வேண்டும். அங்கே 15 வருட சர்வீஸைக் காட்டினால் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

வயதும் பயமுறுத்த வேண்டியதில்லை. மத்திய அரசு குரூப் சி வேலைகளில் உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் காலத்தைக் கழித்துவிட்டு, அதற்கு மேலும் 3 வருடம் விட்டுக்கொடுக்கிறார்கள். வங்கி கிளார்க்குக்கும் அதே கணக்குதான், உச்சவரம்பு 50. மத்திய அரசு குரூப் சியில் முன்னாள் படைவீரருக்கு 10 சதவீத இடம். பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் நிலையில் 14.5 சதவீதம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பென்ஷனுக்குத் தகுதி வருமுன் சொந்த விருப்பத்தில் விலகி வந்தவர் முன்னாள் படைவீரர் என்ற கணக்கிலேயே வரமாட்டார். பதினான்காவது வருடத்தில் வெறுத்துப்போய்ப் பேப்பர் போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

மூன்றாம் படி: ஆளெடுக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள்

ஒரு படிப்பின் மதிப்பைச் சொல்ல வேண்டியவர் அதை நடத்துபவர் அல்ல, உங்களுக்குச் சம்பளம் கொடுக்கப்போகிறவர். ஆகவே நீங்கள் விரும்பும் வேலைக்கான பழைய அறிவிப்புகள் நான்கைந்தை எடுங்கள். அதில் 'தகுதி' என்ற பகுதியில் என்ன வார்த்தை இருக்கிறதோ, அந்த வார்த்தை உங்கள் சான்றிதழில் இருக்க வேண்டும். அருவங்காடு தொழிற்சாலை 2021 முதல் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்திருக்கிறது. அது போன்ற இடங்களின் தொழிலாளர் பதவி அறிவிப்புகளில் தேசியத் தொழிற்சான்றிதழ் அல்லது தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் என்று எழுதியிருக்கும். "சமமான" என்று ஒரு தனியார் நிலையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் தாளுக்கு அங்கே இடமில்லை.

அறிவிப்பே போடாத தனியார் வேலை என்றால் நேரில் போய்க் கேளுங்கள். "நான் இந்தப் படிப்பை முடித்து வந்தால் எடுப்பீர்களா, எவ்வளவு சம்பளம்?" ரிசார்ட் மேனேஜர், தேயிலைத் தொழிற்சாலை சூப்பர்வைசர், பள்ளி நிர்வாகி என்று மூன்று பேரிடமாவது கேளுங்கள். பட்டாளத்துக்காரர் என்றால் இந்த மலையில் உட்காரவைத்துப் பேசுவார்கள், கூச்சம் வேண்டாம்.

நம் ஆட்கள் அதிகம் விழும் சில படிப்புகளைத் தனியாகச் சொல்கிறேன்.

செக்யூரிட்டி. தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கான 2005 சட்டத்தின் கீழ் வந்த மத்திய மாதிரி விதிகள், புதிதாக வரும் காவலருக்கு 160 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன. முன்னாள் படைவீரருக்கோ வகுப்பில் 40 மணி, களத்தில் 16 மணி, ஏழு வேலை நாட்களில் முடிந்துவிடும். மூன்று மாத செக்யூரிட்டி கோர்ஸுக்குப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சூப்பர்வைசராக வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் அறிக்கை தயாரிக்கவும், சிசிடிவி பார்க்கவும், ஓரளவு ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் கற்றுக்கொள்வது அதைவிட லாபம். ஜெனரல் டியூட்டி ஜவான் ஒருவர் "எனக்கு ட்ரேடே இல்லையே" என்று வருத்தப்பட்டால், மாநில அரசின் முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் பதிந்துவையுங்கள், ராணுவ இடங்களைக் காக்கும் டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர் மறுசேர்க்கையையும் பாருங்கள் என்பேன். இரண்டுக்கும் எந்தப் படிப்புக்கும் காசு கட்ட வேண்டியதில்லை.

ஃபயர் அண்ட் சேஃப்டி. என் கதையைச் சொல்லிவிட்டேன். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி பதவிக்கு மாநில விதிகள் அடிப்படைப் பட்டமோ டிப்ளமோவோ கேட்கின்றன, அதற்கு மேல் அரசு ஏற்கும் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவும் கேட்கின்றன. சென்னையில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்தும் ஒரு வருடப் படிப்பு அந்த வகை. அடிப்படைத் தகுதியே இல்லாமல் வெறும் பத்தாம் வகுப்போடு 'சேஃப்டி ஆபீசர்' ஆக்குகிறேன் என்பவர்கள் விற்பது தாளை மட்டும்தான். வளைகுடாவுக்கு நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது வேறு பாதை, ஆங்கிலம் நன்றாக வேண்டும்.

டிரைவிங். ராணுவத்தில் பத்து டன் வண்டியைச் சியாச்சின் அடிவாரம் வரை ஓட்டியிருக்கலாம். சிவில் லைசென்ஸில் கனரக வாகன அனுமதி ஏறியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்கு மேல் கேஸ், பெட்ரோல் டேங்கர் ஓட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள் கேட்கும் மூன்று நாள் பயிற்சியை முடித்து லைசென்ஸில் பதித்துக்கொண்டால், சாதாரண லாரி டிரைவரைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள். மூன்று நாளில் இவ்வளவு பலன் தரும் வேறு பயிற்சியை நான் பார்த்ததில்லை. சுற்றுலா டாக்ஸி வாங்கும் யோசனை இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். 2024 மே மாதம் முதல் உயர்நீதிமன்ற உத்தரவில் நீலகிரிக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. ஏப்ரல், மே சீசனில் வரும் வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கிக் கணக்குப் போடாதீர்கள்.

எலக்ட்ரிகல். இஎம்இ (ராணுவத்தின் இயந்திரப் பராமரிப்புப் பிரிவு), சிக்னல்ஸ் இவற்றிலிருந்து வருபவர்களுக்கு இது நல்ல வழி. ஆனால் கைத்திறன் இருந்தால் மட்டும் போதாது, தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதை நோக்கிப் படியுங்கள். குன்னூரிலிருந்து கோத்தகிரி வரை ரிசார்ட் கட்டுமானங்களில் ஒழுங்கான, சொன்ன நேரத்துக்கு வரும் எலக்ட்ரீஷியனுக்கு இருக்கும் கிராக்கி உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

நர்சிங் அசிஸ்டென்ட்கள் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் படைப்பிரிவில் எத்தனை வருடம் ஊசி போட்டிருந்தாலும், வெளியே நர்ஸாகப் பதிவு செய்ய அங்கீகரிக்கப்பட்ட நர்சிங் படிப்பும் மாநிலக் கவுன்சில் பதிவும் வேண்டும். குறுக்குவழி சொல்பவரை நம்பாதீர்கள்.

டிரோன். இப்போது இளைஞர்களுக்கு இதன் மேல் ஆசை. 2021 டிரோன் விதிகளின்படி, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த நிலையத்தில் பயின்றால்தான் ரிமோட் பைலட் சான்றிதழ். பத்தாம் வகுப்பு போதும். படிப்பு சில நாட்கள்தான், சிரமமில்லை. பிறகு பறக்கவிட வேலை எங்கே என்பதுதான் சிரமம். மலையில் ஒரு பக்கம் காடு, இன்னொரு பக்கம் ராணுவப் பகுதி. சமவெளியில் மருந்து தெளிக்கும் தொழில் செய்யப் போகிறவருக்குச் சரி.

நிலம் இருப்பவர்கள். இவர்களுக்குத்தான் எங்கள் மாவட்டம் அள்ளிக் கொடுக்கிறது. குன்னூரில் தோட்ட உரிமையாளர் சங்கமான உபாசியின் வேளாண் அறிவியல் நிலையம், ஊட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், ஊட்டியில் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம். இவ்வளவையும் அரை நாள் பஸ் தூரத்துக்குள் வைத்துக்கொண்டு, ஆன்லைனில் 'இயற்கை விவசாய டிப்ளமோ'வுக்குப் பணம் கட்டினார் எங்கள் தெருக்காரர் ஒருவர். வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒன்றிரண்டு நாள் பயிற்சிகள் நடக்கும். தேனீ, காளான், நர்சரி, தேயிலைக் கவாத்து என்று. போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள், கூப்பிடுவார்கள்.

நான்காம் படி: இலவசத்தை முதலில் தீர்த்துவிடுங்கள்

ஓய்வுக்கு முன்பே யூனிட் வழியாக டிஜிஆர் (படைவீரர் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம்) பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். ஜேசிஓக்களுக்கும் ஜவான்களுக்கும் கட்டணம் இல்லை. அதிகாரிகளுக்கு 60 சதவீதத்தை டிஜிஆர் ஏற்கிறது. வருடாந்திரப் பயிற்சிப் பட்டியல் வந்ததும் யூனிட் ஆபீஸில் கேட்டு வாங்கிப் பாருங்கள். பட்டியலில் முதலில் இருப்பதையோ, சொந்த ஊருக்குப் பக்கத்தில் நடப்பதையோ, கூட்டாளி போட்டதையோ போட்டுவிடுவது நம் பழக்கம். மூன்றாம் படியை முடித்துவிட்டுப் பட்டியலைத் திறந்தால் உங்களுக்கானது இரண்டோ மூன்றோதான் தேறும்.

ஊட்டியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று உண்டு, போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு. சின்னப் பையன்களோடு உட்கார முதல் வாரம் வெட்கமாக இருக்கும். அப்புறம் அவர்களே கணக்கு சொல்லிக் கொடுப்பார்கள். சுயதொழில் என்றால் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: பயிற்சியும் சாப்பாடும் இலவசம். மாநில அரசு 2024 சுதந்திர தின உரையில் அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் முன்னாள் படைவீரர்களின் தொழிலுக்கு ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்கிறது. பயிற்சியும் சேர்த்துத்தான். கடன் வாங்கும் எண்ணம் இல்லாவிட்டாலும் விவரம் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

அக்னிவீரர்களுக்கு இரண்டு வார்த்தை

2022இல் அறிவித்த அக்னிபாத் திட்டத்தில் நான்கு வருடத்துக்குச் சேர்ந்தவர்களில் நிரந்தரமாவது 25 சதவீதம் வரைதான். மற்றவர்களுக்கு நான்கு வருட முடிவில் 11.71 லட்சம் ரூபாய் சேவா நிதி வரும். பென்ஷனும் முன்னாள் படைவீரர் தகுதியும் கிடையாது. அதனால் மேலே சொன்ன 15 வருடச் சலுகை, 10 சதவீத இடம் எதுவும் இந்தத் தம்பிகளுக்குப் பொருந்தாது. அவர்களுக்கு நான் சொல்வது நேர் எதிரானது: பட்டம் படியுங்கள். பத்தாம் வகுப்போடு சேர்ந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறார்கள். இக்னோ அவர்களுக்கென்றே வைத்திருக்கும் மூன்று வருடப் பட்டத்தில் பாதி மதிப்பெண் அலகுகள் பணியில் பெற்ற பயிற்சிக்கே கிடைத்துவிடும். சர்வீஸில் இருக்கும்போதே தொடங்கினால் 23, 24 வயதில் பட்டத்தோடு வெளியே வரலாம். சேவா நிதி மொத்தமும் கைக்கு வந்த மாதத்தில் எந்த நிலையத்திலும் சேராதீர்கள். அந்த மாதத்தில்தான் போன் அதிகம் வரும்.

ஐந்தாம் படி: பணம் கட்டுமுன் சரிபார்ப்பது

தொலைதூரப் பட்டம் என்றால் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் பல்கலைக்கழகம், அந்தப் பாடம், அந்தக் கல்வியாண்டு மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்து பாடத்துக்கு இல்லாமல் போகலாம். பொறியியல், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, விவசாயம், ஹோட்டல் மேனேஜ்மென்ட் ஆகியவற்றைத் தொலைதூரத்தில் நடத்தவே யுஜிசி விதிகள் அனுமதிப்பதில்லை. தபாலில் டிப்ளமோ இன்ஜினியரிங் என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டும் கட்டணம் குறைந்த அரசு நிறுவனங்கள். முதலில் அங்கே பாருங்கள்.

தொழிற்பயிற்சி என்றால் சான்றிதழில் எந்த அமைப்பின் பெயர் வரும் என்று கேளுங்கள். தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் எத்தனையாவது நிலை? பழைய மாணவர் ஒருவரின் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அதுவே பதில். 'ஐஎஸ்ஓ சான்று பெற்ற நிறுவனம்' என்ற பலகைக்கும் படிப்பின் அங்கீகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் ஏமாந்த இடத்தில் அந்தப் பலகை வாசலிலேயே இருந்தது, பித்தளையில்.

'வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம்' என்பவரிடம், போன வருடம் முடித்தவர்களில் மூன்று பேரின் போன் எண் கேளுங்கள். அவர் தேர்ந்து கொடுக்கும் மூவரோடு நிறுத்தாமல், வகுப்பு விடும் நேரத்தில் வாசலில் நின்று இரண்டு பேரிடம் நீங்களாகப் பேசுங்கள்.

ஆறாம் படி: உண்மையான செலவைக் கூட்டுங்கள்

கட்டணம் மட்டும் செலவில்லை. ஒரு கணக்குக்குக் கோயம்புத்தூரில் ஆறு மாதப் படிப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கட்டணம் 40,000. அறையும் சாப்பாடும் மாதம் 9,000 வீதம் 54,000. அந்த ஆறு மாதம் உள்ளூரில் ஏதாவது வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளம் மாதம் 14,000 வீதம் 84,000. மொத்தம் 1,78,000. படித்ததால் கூடுதலாக மாதம் 5,000 கிடைக்கும் என்றால் போட்டதை எடுக்கவே மூன்று வருடம். 38 வயதுக்காரருக்கு இது நியாயமான முதலீடு. 52 வயதில் சுபேதாராக வருபவர் இன்னொரு முறை யோசிக்கலாம். இது பணத்துக்காக மட்டும் படிப்பவருக்கான கணக்கு. ஆசைக்குப் படிப்பவர் தாராளமாகப் படிக்கட்டும். பென்ஷன் எதற்கு இருக்கிறது.

கமுட்டேஷன் தொகையில் கை வைக்குமுன் வீட்டுக்காரம்மாவிடம் இந்தத் தாளைக் காட்டுங்கள். நம்மைவிட அவர்கள் அதிகக் கேள்வி கேட்பார்கள், இருபது வருடமாகத் தனியாகக் குடும்பம் நடத்தியவர்கள் ஆயிற்றே.

ஏழாம் படி: நாள் குறிப்பது

ரிலீஸ் தேதிக்கு ஒன்றரை வருடம் முன்பு, முதல் படியும் இரண்டாம் படியும். வருடாந்திர லீவில் ஊருக்கு வரும்போது மூன்றாம் படி. கல்யாணம், காதுகுத்துக்கு நடுவே மூன்று நாள் அதற்கென்று ஒதுக்குங்கள். டிஜிஆர் பட்டியல் வந்ததும் நான்காவது. இக்னோவில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு சேர்க்கை உண்டு. அதைத் தவறவிட்டால் ஆறு மாதம் போகும்.

மலையிலிருந்து தினமும் கோயம்புத்தூர் போய்வந்து படிப்பேன் என்பவர்களுக்கு ஒன்று. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், சில நாள் அதுவும் இருக்காது. வருகைப்பதிவு குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அக்டோபர், நவம்பரில் வகுப்பு தொடங்கினால் அந்த இரண்டு மூன்று மாதத்துக்காவது கீழே ஒரு அறை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஜனவரி பேட்ச் இருக்கிறதா என்று கேட்டு அதில் பெயரைப் போடுங்கள்.